பழைய போன், பிரிட்ஜ், பேட்டரி: தென்னாப்பிரிக்காவில் மின்கழிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனில், சாட்ஸ்வர்த்தில் டிவி, மைக்ரோவேவ், போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கோயில் மண்டபத்தில் பழைய மின்சாமான் சேகரிக்கும் நாட்களில் வாசல் மேசையிலும் நான்தான் உட்கார்ந்திருப்பேன். இரண்டு இடத்திலும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை எழுதியிருக்கிறேன். சட்ட விவரங்கள் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை.

"மின்கழிவு என்றால் கம்ப்யூட்டர், போன் தானே அண்ணே?"

பிளக் இருந்தாலும் சரி, பேட்டரி போடுவதாக இருந்தாலும் சரி, பயன்பாடு முடிந்ததும் அது மின்கழிவு. ஊரிலிருந்து சுமந்து வந்த வெட் கிரைண்டர், மிக்ஸி, கெட்டில், சாமி அறை சீரியல் லைட், பிள்ளைகளின் ரிமோட் கார், டிராயரில் சுருண்டு கிடக்கும் சார்ஜர் வயர் எல்லாம் இதில் சேரும். சட்டம் இவற்றைத் தனித்தனி அறிவிக்கைகளில் வைத்திருக்கிறது: மின், மின்னணுச் சாதனங்கள் ஒன்று, விளக்குகள் ஒன்று, 2023இல் சேர்த்த சிறு பேட்டரிகள் இன்னொன்று. வீட்டில் இருப்பவருக்கு இந்தப் பிரிவினை பெரிதாக வேண்டியதில்லை. பேட்டரியையும் பல்பையும் மற்றதோடு கலக்காமல் தனியாக வைத்தால் போதும்.

"கறுப்புப் பையில் போட்டால் லாரிக்காரர் எடுத்துக்கொண்டு போகிறாரே, அப்புறம் என்ன பிரச்சினை?"

எடுத்துப் போவார். பையைப் பிரித்துப் பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. ஆனால் அந்தப் பை போய்ச் சேரும் குப்பைமேட்டில் மின்கழிவைப் புதைக்கக் கூடாது என்று தேசிய விதி இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 23இல் வந்த குப்பைமேட்டு விதிகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கெடு வைத்தன. கார் பேட்டரிக்கு உடனடித் தடை. பல்பு, டியூப்லைட்டுக்கு மூன்று ஆண்டு. மற்ற மின்கழிவுக்கும் மற்ற பேட்டரிகளுக்கும் எட்டு ஆண்டு. அந்த எட்டு ஆண்டும் 2021 ஆகஸ்டில் முடிந்துவிட்டது.

டர்பன்காரர்களுக்கு இது வெறும் விதி எண்ணாகத் தெரியக் கூடாது. கிளேர் எஸ்டேட்டில் நம் குடும்பங்கள் வாழ்ந்த தெருவுக்கு எதிரேதான் 1980இல் நிறவெறி ஆட்சி பிஸாசர் ரோடு குப்பைமேட்டைத் திறந்தது. சஜிதா கான் என்ற பெண்மணி தன் வீட்டு வாசலிலிருந்து அதைப் பார்த்தபடியே ஆண்டுக்கணக்கில் போராடினார். புற்றுநோய் வந்து 2007இல் இறந்துபோனார். இன்று நம் பைகள் வெருலத்துக்கு அப்பால் பஃபெல்ஸ்ட்ராய் போன்ற இடங்களுக்குப் போகின்றன. அந்தப் பக்கமும் மனிதர்கள்தான் குடியிருக்கிறார்கள்.

"அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது?"

பழைய டப்பா டிவியின் கண்ணாடியில் ஈயம், அதுவும் கிலோ கணக்கில். சி.எஃப்.எல். என்கிற முறுக்குப் பல்பிலும் டியூப்லைட்டிலும் பாதரசம். பழைய ரீசார்ஜ் பேட்டரிகளில் காட்மியம். பிளாஸ்டிக் உடலில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் ரசாயனங்கள். பழைய பிரிட்ஜின் ஆர்-12 வாயு ஓசோனைத் தின்பது போக, ஒரு கிலோ வெளியேறினால் பூமியைச் சூடாக்குவதில் பத்தாயிரம் கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பொருள் முழுதாக இருக்கும்வரை இவற்றால் பெரிய ஆபத்தில்லை. உடைப்பதும் எரிப்பதும் மண்ணில் ஊறவிடுவதும்தான் கெடுதல்.

"சரி, எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?"

சிறு பேட்டரிக்கும் பல்புக்கும் பிக் அன் பே, வூல்வொர்த்ஸ் கிளைகள் பலவற்றில் வாசல் பக்கம் பெட்டி இருக்கும். எல்லாக் கிளையிலும் இருக்காது, உள்ளே கேளுங்கள். போன், லேப்டாப், பிரிண்டர் என்றால் கம்ப்யூட்டர் விற்கும் பெரிய கடைகள் சில பெட்டி வைத்திருக்கின்றன. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற கனமான சாமானுக்குப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்தை அழைப்பதே நல்லது. புதிது வாங்கும்போது, கொண்டுவரும் பக்கியிலேயே (சின்னச் சரக்கு வண்டி) பழையதை ஏற்றிப் போகும்படி டெலிவரிக்கு முன்பே கடையில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கி வாசலில் வந்து நின்ற பிறகு கேட்டால் "எங்களுக்கு ஆர்டர் இல்லை" என்றுதான் பதில் வரும்.

"நான் கேட்டேன், 'இது எங்களிடம் வாங்கியது இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களே?"

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 59ஆம் பிரிவு (2008இன் 68ஆம் எண் சட்டம்) உங்களுக்குத் துணை. ஒரு பொருளைப் பொதுக் குப்பையில் போடக் கூடாது என்று தேசியச் சட்டம் ஏதாவது சொன்னால், அந்த வகைப் பொருளை விற்பவர் அதைக் கட்டணமில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவரிடமே வாங்கியதாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. மேலே சொன்ன குப்பைமேட்டுத் தடை இருப்பதால் மின்கழிவுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

கவுண்டரில் நிற்கும் பிள்ளையிடம் சண்டை போடாதீர்கள், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மேனேஜரைக் கூப்பிட்டு, "59ஆம் பிரிவு, திரும்ப எடுப்பது" என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னவுடன் மனம் மாறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படியும் நடக்காவிட்டால் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மனுக்கு எழுதலாம்.

"கொடுப்பதற்கு நான் காசு கட்டணுமா, இல்லை எனக்குக் காசு தருவார்களா?"

கட்ட வேண்டிய பொறுப்பு உற்பத்தியாளருடையது. உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள், எல்லாரும் ஈ.பி.ஆர். என்று சொல்வது, 2020 நவம்பர் 5இல் வெளியாகி 2021 மே 5இல் நடைமுறைக்கு வந்தன. இந்த நாட்டுச் சந்தையில் சாதனத்தை விடுபவர் அரசுத் துறையில் பதிவு செய்ய வேண்டும். அது பழசாகித் திரும்பி வருவதற்கான செலவையும் ஏற்க வேண்டும். தனியாகத் திட்டம் நடத்தலாம், அல்லது லாபநோக்கற்ற பொறுப்பு அமைப்பு ஒன்றில், அதாவது பி.ஆர்.ஓ.வில், சேர்ந்து கட்டணம் செலுத்தலாம். இவ்வளவு சேகரிக்க வேண்டும், இவ்வளவு மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று ஆண்டுவாரி இலக்கும் உண்டு.

அந்தக் கட்டணம் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? நீங்கள் கொடுக்கும் விலையில்தான். புது டிவிக்குப் பில் கட்டும்போதே, அதை ஒழுங்காக அப்புறப்படுத்தும் செலவையும் நீங்கள் கட்டியாகிவிட்டது. ஆகவே திருப்பிக் கொடுக்கப் போகும்போது உதவி கேட்பவர் மாதிரி கூச்சப்பட்டு நிற்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தைத்தான் மேசையில் வருகிற எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காசு கிடைப்பது பொருளைப் பொறுத்தது. செம்பு, சர்க்யூட் போர்டு, கார் பேட்டரிக்கு விலை உண்டு. டப்பா டிவிக்கும் பல்புக்கும் கிடையாது. அவற்றைப் பிரித்து எடுப்பதற்குத்தான் செலவு.

"துபாயிலிருந்து போனும் பவர் பேங்கும் இறக்கி வாட்ஸ்அப்பில் விற்கிறேன். பெரிய கம்பெனிக்குத்தானே இந்தச் சட்டம்?"

விதியில் "உற்பத்தியாளர்" என்றால் தொழிற்சாலை வைத்திருப்பவர் மட்டும் என்று அர்த்தம் இல்லை. வணிகத்துக்காக இறக்குமதி செய்பவர், தன் பிராண்டு பெயரில் விற்பவர், பழையதைப் புதுப்பித்து விற்பவர் எல்லாரும் அதில் வருகிறார்கள். புதிய பொருள், பயன்படுத்திய பொருள் இரண்டும் அடக்கம். பவர் பேங்க் என்றால் பேட்டரி அறிவிக்கையையும் பார்க்க வேண்டும். ஒரு பி.ஆர்.ஓ.வுக்கு மெயில் போட்டு, எவ்வளவு இறக்குகிறீர்கள் என்று சொன்னால் உங்கள் கடமை என்ன என்பதை அவர்களே விளக்குவார்கள். ஈவாசா, ஈ.ஆர்.ஏ. போன்றவை இந்தத் துறையில் இருக்கின்றன.

"தள்ளுவண்டிக்காரப் பையன் வந்து கேட்கிறான், கொடுக்கலாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். இந்த நாட்டில் 60,000 முதல் 90,000 பேர் குப்பை பொறுக்கித்தான் வாழ்கிறார்கள் என்று இங்குள்ள அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். கணக்கிட்டிருக்கிறது. மறுசுழற்சிக்குப் போகும் பேக்கேஜிங்கில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு இவர்கள் கைவழியாகத்தான் போகிறது. நகராட்சி செய்ய வேண்டிய வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். ஈ.பி.ஆர். விதிகளே இவர்களைச் சங்கிலியில் சேர்த்து நியாயமான கூலி தரச் சொல்கின்றன. "திருடன்கள்" என்று நம் தெரு வாட்ஸ்அப் குழுக்களில் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் எதைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். வயரை அவர் கையில் கொடுத்தால், செம்பு எடுப்பதற்காக ஏதாவது ஓடைக்கரையில் டயரோடு போட்டுக் கொளுத்துவார். உரித்த செம்புக்குத்தான் பழைய உலோகம் வாங்கும் ஸ்கிராப் யார்டில் நல்ல விலை, உரிக்க அவரிடம் கருவி இல்லை. பி.வி.சி. எரிகிற அந்தக் கறுப்புப் புகையில் டையாக்சின் என்ற நச்சு இருக்கிறது. முதலில் சுவாசிப்பவர் அவர்தான். பிரிட்ஜ் கொடுத்தால் கம்ப்ரஸர் குழாயை ஒரே வெட்டு, வாயு எல்லாம் காற்றில். டிவி கொடுத்தால் செம்புச் சுருளை உருவிக்கொண்டு ஈயக் கண்ணாடியைப் புல்வெளியில் விட்டுப் போவார்.

என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வாரம் தவறாமல் வரும் ஒருவருக்கு அட்டை, அலுமினியம், இரும்பு உடல் எல்லாம் கொடுத்துவிடுவேன். வயர் என்றால் நானே உரித்து, செம்பை மட்டும் கொடுப்பேன். சுவரில் பிடித்த ஒரு சின்னக் கைச்சக்கரக் கருவி போதும். வயரை ஒரு பக்கம் விட்டால் உறை இரண்டாகப் பிளந்து மறுபக்கம் வந்துவிடும். அவருக்கு நல்ல விலை, புகையும் இல்லை. போர்டு, பேட்டரி, டிவி, பிரிட்ஜ் நான்கும் மறுசுழற்சி நிறுவனத்துக்கு.

"ஸ்கிராப் யார்டில் ஐடி கேட்கிறார்கள், எதற்கு?"

2009இன் பழைய பொருள் சட்டப்படி அவர்கள் போலீஸில் பதிவு செய்து, யார் எதை விற்றார் என்று பதிவேடு வைத்தாக வேண்டும். செம்புத் திருட்டு ரயிலையும் மின்சாரத்தையும் முடக்கிவிட்டதால் 2022 நவம்பர் 30 முதல் செம்பு, இரும்பு ஸ்கிராப் ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள். ஐடி கேட்கும் யார்டு ஒழுங்கான யார்டு. கேட்காத இடத்துக்குப் போகாதீர்கள்.

"யூடியூபில் பார்த்தேன், போர்டிலிருந்து வீட்டிலேயே தங்கம் எடுக்கலாமாமே?"

தங்கம் இருப்பது உண்மை. ஒரு டன் பழைய போனில் ஏறத்தாழ 300 கிராம் வரை. ஜொகன்னஸ்பர்க் சுரங்கத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம்தான் கிடைக்கும். ஆனால் ஒரு டன் என்பது ஆயிரக்கணக்கான போன். உங்கள் வீட்டில் இருக்கும் நாலு போனில் பொட்டு அளவு கூடத் தேறாது.

தங்கம் பிரிக்க ஊற்றும் நைட்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்தால் செம்பழுப்பு நிறத்தில் புகை வரும். மூச்சில் போன உடனே சின்ன இருமல்தான், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொன்றுவிடும். மிச்ச அமிலத்தைச் சாக்கடையில்தான் ஊற்றுவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

"போனில் என் படமெல்லாம் இருக்கிறது, பேங்க் ஆப் இருக்கிறது. பயமாக இருக்கிறது ஐயா."

பயம் நியாயம். நம் ஆட்களிடம் டிராயர் நிறையப் பழைய போன் தேங்கிக் கிடக்க இதுதான் முதல் காரணம். போன் இயங்கினால்: தேவையானதை எடுத்துக்கொண்டு, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, பிறகு ஃபேக்டரி ரீசெட். வரிசை முக்கியம். கணக்கிலிருந்து வெளியேறாமல் ரீசெட் செய்தால் போன் பூட்டிக்கொள்ளும், அடுத்தவருக்கு உதவாது. சமீப ஆண்டுப் போன்களில் தகவல் குறியாக்கத்தோடுதான் பதிவாகிறது, ஆகவே ரீசெட் செய்தாலே சாவி அழிந்துவிடும்.

பழைய கம்ப்யூட்டரின் சுழலும் டிஸ்க்கை வெளியே எடுத்து நடுவில் இரண்டு மூன்று துளை போட்டுவிடுங்கள். எஸ்.எஸ்.டி. என்றால் துளை சிப்பின் மேலேயே விழ வேண்டும். கடை, கிளினிக், அக்கவுண்டன்ட் அலுவலகம் நடத்துபவர்களுக்கு இது கடமையும்கூட. தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் பொப்பியா சட்டப்படி வாடிக்கையாளர் தகவலைத் திரும்ப உருவாக்க முடியாதபடி அழிக்க வேண்டும். அழித்ததற்கு மறுசுழற்சி நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கி கோப்பில் வையுங்கள்.

"லோட்ஷெடிங் சமயத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி கராஜில் செத்துக் கிடக்கிறது. என்ன பண்ண?"

2022, 2023இல் வாங்காத வீடு குறைவு. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை அடிவரை வடித்ததால் ஜெல் பேட்டரிகள் ஓரிரு ஆண்டிலேயே போய்விட்டன. ஜெல், ஏ.ஜி.எம்., கார் பேட்டரி எல்லாம் உள்ளே ஈயமும் அமிலமும்தான். பேட்டரிக் கடைகளே பழையதை வாங்கிக்கொள்ளும். பழையதைக் கொண்டுபோகாமல் புதிது வாங்கினால் கூடுதலாகப் பணம் வசூலிக்கும் கடைகளும் உண்டு, ஆகவே எடுத்துக்கொண்டே போங்கள். நிமிர்த்தி வைத்து, வெடிப்பு இருந்தால் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து ஏற்றுங்கள்.

ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தூண்டிலுக்கு ஈயக் குண்டு செய்ய வீட்டு அடுப்பிலேயே ஈயம் உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். மேற்குக் கேப் மீனவ ஊர்களில் மருத்துவ ஆய்வுக் கழகம் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தபோது பலருக்கு ஈயம் அதிகமாக இருந்தது. அது படிப்பையும் மூளையையும் பாதிக்கும், பிறகு சரிசெய்ய வழியில்லை. தாத்தா காலத்துப் பழக்கம் என்றாலும் பேரப்பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

லித்தியம் வேறு கதை. பொருத்தியவரிடமே திருப்பிக் கொடுங்கள். போன் பேட்டரி பருத்திருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். குப்பை லாரிக்குள் நசுங்கினால் லாரியே எரியும்.

"மின்சாரக் கம்பெனி எஸ்காம் கொடுத்த முறுக்குப் பல்பு உடைந்துவிட்டது. உடனே வெளியே ஓடணுமா?"

ஓட வேண்டாம். ஒரு பல்பில் இருப்பது 5 மில்லிகிராமுக்கும் குறைவான பாதரசம். ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு கால் மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு அட்டையால் அள்ளி, தூளை டேப்பால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட ஜாடியில் வையுங்கள். வாக்யூம் கிளீனரும் துடைப்பமும் கூடாது, இரண்டும் அதைக் காற்றில் பரப்பும்.

"ஜிம்பாப்வேக்குப் போகும் பஸ்ஸில் பழைய கம்ப்யூட்டரெல்லாம் ஏற்றி ஒரு பள்ளிக்கு அனுப்பலாமா? தர்மம்தானே?"

வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. சோதித்து, ஓடுவதை, சார்ஜரோடு, ஒவ்வொன்றாகப் பொதிந்து அனுப்பினால் அது தானம். ஓடாததைக் குவித்து அனுப்பினால் அது கழிவு. கழிவு எல்லை தாண்ட பாசல் ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்பாடு குறுக்கே வரும். தென்னாப்பிரிக்கா அதில் 1994இல் சேர்ந்தது. 2025 ஜனவரி 1 முதல், நச்சு உள்ளது, இல்லாதது என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா மின்கழிவுக்கும் வாங்கும் நாட்டின் முன்அனுமதி வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வாங்குகிற பள்ளிக்கு அதை மறுசுழற்சி செய்ய இடம் இருக்காது. அங்கே ஒரு மூலையில் கொட்டி எரிப்பார்கள். ஓடாததை இங்கேயே கொடுத்துவிட்டு ஓடுவதை மட்டும் அனுப்புங்கள்.

"எங்கள் கோயில் கமிட்டியும் இப்படி ஒரு நாள் வைக்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா?"

கட்டாயம் வையுங்கள். ஒரே நாளில் சேகரித்து, அன்று மாலையே பதிவுபெற்ற நிறுவனத்தின் லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் தொல்லையில்லாத வழி. ஆபத்தான கழிவை 80 கன மீட்டருக்கு மேல் தேக்கி வைக்கும் இடத்துக்குத்தான் சேமிப்பு விதிமுறைகளும் பதிவும் வருகின்றன. அந்த அளவை எட்டாவிட்டாலும் மண்டபத்தில் ராத்தங்க விடாதீர்கள். பேட்டரிக் குவியலுக்குப் பக்கத்தில் யாரும் தூங்கக் கூடாது. யாரும் எதையும் பிரித்துப் பார்க்கவும் கூடாது. சாமான் குவிந்தவுடன் ஸ்க்ரூடிரைவரோடு வரும் மாமா ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார், அவரைப் பதிவேடு எழுத உட்கார வைத்துவிடுங்கள்.

காவடி, புரட்டாசி வாரங்களில் வைக்காதீர்கள், வண்டி நிறுத்தவே இடம் இருக்காது. நிறுவனத்தை முடிவு செய்யும் முன் நாலு விஷயம் கேளுங்கள்: பதிவு எண், எந்தப் பி.ஆர்.ஓ.வோடு வேலை, போர்டும் டிவிக் கண்ணாடியும் கடைசியில் எங்கே போகின்றன, எடைச்சீட்டும் அப்புறப்படுத்திய சான்றிதழும் தருவார்களா. மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். செம்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தை காலி மனையில் கொட்டுகிறவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

"சட்டம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? நான் ஒருவன் செய்து என்ன?"

கோபமாகக் கேட்பவர்களும் உண்டு, அந்தக் கோபம் சரியானது. உலகம் முழுக்க 2022இல் 6.2 கோடி டன் மின்கழிவு, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். சட்டம் எழுதிய நாடுகளிலும் கண்காணிப்பு பின்தங்கித்தான் இருக்கிறது. இங்கே பதிவே செய்யாமல் இறக்கி விற்கிறவர் கட்டணம் தப்பிக்கிறார், ஒழுங்காகக் கட்டுகிறவர் நஷ்டப்படுகிறார். இதைச் சரிசெய்ய வேண்டியது அரசு. அந்தக் கடமையை வீட்டில் பை கட்டுகிறவர் தலையில் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் உங்கள் கையில் இருக்கும் வழிகளும் சும்மா இல்லை. அனுமதியில்லாமல் கழிவு கொட்டுவது கழிவுச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி குற்றம். உச்சத் தண்டனை ஒரு கோடி ராண்டு அபராதம் அல்லது பத்தாண்டு சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். யாராவது வயர் எரிக்கிற, டிவி கொட்டுகிற இடம் தெரிந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்து, லாரி எண்ணோடு நகராட்சிக்கும் "கிரீன் ஸ்கார்ப்பியன்ஸ்" என்று சொல்கிற சுற்றுச்சூழல் ஆய்வாளர்களுக்கும் எழுதுங்கள். தள்ளுவண்டிக்காரரைப் பிடித்துக் கொடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை, லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறவரைச் சொல்கிறேன். கடை திரும்ப எடுக்க மறுத்தால் மேலே சொன்னபடி புகார் போடுங்கள். எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் குறிப்பு எண் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வார்டு கவுன்சிலர் கூட்டத்தில் அந்த எண்களைப் படித்துக் காட்டினால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.